குறைத்துச் சொன்ன வள்ளங்கள்

அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, அவள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். செய்யக்கூடாத வேலைதான். ஆனால் வீட்டுக்குள் வருகிறவரின் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சோறு போடுவது அதைவிடப் பெரிய மடைத்தனம். வெயிலுக்குப் பூசும் களிம்பு இரண்டு, ஒரு டோர்ச் லைட், நீல மட்டை போட்ட ஐந்து கொப்பிகள், அவற்றுக்கு அடியில் ஐம்பது மீற்றர் நீளமான ஒரு அளவு நாடா. கொப்பியை விட்டுவிடலாம், படிக்கிற பிள்ளை எழுதத்தான் செய்யும். நாடாவைத்தான் விட மனம் வரவில்லை.

எங்கள் வீடு சல்லி என்ற கடற்கரை ஊரில், கடலில் இருந்து இரண்டாவது வளவு. கணவர் கடலுக்குப் போகிறவர். நான் விறாந்தையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவள். அதனால் ஊரில் எனக்கு 'டீச்சர்' என்று பெயர். ஆங்கிலத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என் வாசலுக்குத்தான் வரும். எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து கொஞ்ச நாளில், பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கிற ஒருவர் வந்து ஒரு உதவி கேட்டார். ஒல்லாந்து நாட்டுப் பிள்ளை ஒன்று, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம். நாலு மாதம் வேறு நாட்டில் தங்கி ஒரு ஆய்வு செய்து எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்குப் பட்டமாம். உங்கள் முன்னறையில் இருக்கட்டுமா, கரையில் கதைத்து விளங்கப்படுத்தவும் உங்களை விட்டால் ஆள் இல்லை என்றார். எதைப் பற்றி ஆய்வு என்று கேட்டேன். "நீங்கள் கரையைப் பங்கு வைச்சிருக்கிற முறையைப் பற்றி" என்றார். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

எங்கள் கரையில் இருபத்திமூன்று வள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. பத்திரம் இல்லை, கல் நட்டதில்லை, வேலி இல்லை. என் கணவருடைய இடம் முறிந்த தென்னங்குற்றிக்கு வடக்கே. அவருடைய தகப்பன் வள்ளம் இழுத்த இடம். மாரியில் கடல் ஏறி வந்து மணலைத் தின்னும்போது எல்லா வள்ளங்களையும் தென்னைகளுக்குப் பின்னால் இழுத்துக் கண்டபடி அடுக்கிவிடுவார்கள். பங்குனியில் கடல் இறங்கியதும் ஒவ்வொருவரும் தன் இடத்துக்குத் திரும்புவார். ஒரு முழம் அங்கே இங்கே போகாது. அந்த இடத்தில்தான் வள்ளம் நிற்கும், கிழிந்த வலையைப் பொத்துவார்கள், பிடித்த மீனைத் தரம் பிரித்துத் தெரிவார்கள். அது போனால் அந்த வீட்டுக்குக் கடலும் போன மாதிரித்தான்.

இந்த முறை எங்களுக்குள் இருந்தது. வெளியாளுக்கு நாங்கள் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது வந்து எத்தனை பேர், எத்தனை வள்ளம் என்று கேட்டால், பதில் சொல்ல முதல் கேட்கிறவரின் கையைப் பார்ப்போம். கையில் நிவாரணப் பொதி இருந்தால் கூட்டிச் சொல்லுவோம். பேனை மட்டும் இருந்தால் குறைத்துச் சொல்லுவோம். சண்டைக் காலத்தில் வீட்டில் இருக்கிற ஆட்களை எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடி வந்தார்கள். கடல் வந்து அள்ளிக்கொண்டு போன பிறகும் எழுதினார்கள். அப்போது கூட்டிச் சொன்னவர்களுக்குத்தான் தகரமும் பாயும் சரியாக வந்தது. இதையெல்லாம் யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. பட்டுப் பட்டுப் பழகினது.

அந்தப் பிள்ளை வருவதற்குச் சில மாதம் முன்னர்தான், எங்கள் கரையில் ஏதோ ஹோட்டல் வரப்போகிறது என்று ஒரு கதை அடிபட்டது. அடிபட்ட கையோடு நாடாவும் கொப்பியுமாக ஒருத்தி வந்து இறங்கினால் என்ன நினைப்பது? முந்தி வந்த ஒல்லாந்தர் நகரத்தில் கோட்டை கட்டிவிட்டுப் போனார்கள், இவள் என்ன கட்டப்போகிறாளோ என்று நினைத்தேன். கணவரிடம் நாடாவைப் பற்றிச் சொன்னேன்.

"சும்மா போம். படிக்க வந்த பிள்ளை" என்றார்.

"படிக்க வந்த பிள்ளைக்கு எங்கட கரையை அளந்து என்ன வேலை?"

"அதைத்தானே படிக்கிறதாம்."

அவர் அப்படித்தான். கடலில் போய் நின்று வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சந்தேகப்படுவார், மனிதரைச் சந்தேகப்படமாட்டார். அந்த வேலை முழுவதும் என் தலையில்தான். நாடாவை எடுத்து அலுமாரியில் என் கூறைச்சேலைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, "அக்கா, என்னுடைய நாடாவைக் கண்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். 'அக்கா' என்ற சொல்லை மட்டும் வந்த அன்றே பிடித்துக்கொண்டாள். "இல்லையே பிள்ளை, பஸ்ஸில விட்டிட்டீரோ தெரியாது" என்றேன். அவள் பையை மூடி வைத்தாள். பிறகு கரைக்குப் போய் காலடி வைத்து வைத்து அளக்கத் தொடங்கினாள்.

அன்று பின்னேரமே மீனவர் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் கடலுக்குப் போவதை விட்டு, மகனை வள்ளத்தில் அனுப்பிக்கொண்டிருந்த மனிதர். இருவரும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். உண்மையில் நான் கதைத்தேன், அவர் ஓம் ஓம் என்றார். அனுமதிப் பத்திரம் முதற்கொண்டு எல்லாக் கடுதாசியும் சரியாக இருந்தவை ஆறு வள்ளங்கள். என் கணவருடையது உட்பட மற்றப் பதினேழுக்கும் ஏதோ ஒன்று குறை. ஒன்றுக்கு என்ஜின் இலக்கம் மாறி இருக்கும், இன்னொன்றுக்குப் புதுப்பிக்காமல் இருக்கும். எத்தனை வள்ளம் என்று கேட்டால் ஆறு. யாருக்கு எந்த இடம் என்று கேட்டால், ஒருவருக்கும் ஒரு இடமும் இல்லை, வந்தவர் வந்த இடத்தில் இழுக்கிறது. என் இடம் என்று வாயைத் திறந்தால், எங்கே பத்திரம் என்று கேட்பார்கள் அல்லவா? வீடு வீடாகப் போய் நானே சொல்லி வைத்தேன். எல்லாருக்கும் நல்லாப் பிடித்துக்கொண்டது.

அவள் ஒரு கடுதாசியோடு வந்திருந்தாள். ஆய்வுக்குச் சம்மதம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காதவரைப் பற்றி அவள் எழுத ஏலாது. அவர்களுடைய பல்கலைக்கழகத்தில் அது கடுமையான சட்டமாம். 'வெளியிடப்படலாம்' என்று ஒரு சொல் அதில் இருந்தது. அந்தச் சொல்லை நான் தமிழில் நல்லா நிறுத்திச் சொன்னேன். அந்த ஆறு பேரும் செயலாளரும் வைத்தார்கள், மற்ற எவரும் பேனையைத் தொடவில்லை. அவள் ஒருவரையும் வற்புறுத்தவில்லை. கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வெற்றிலைத் தட்டத்தை நீட்டியவரிடம் வெற்றிலை வாங்கிச் சப்பி, முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். வலு கெட்டிக்காரி, ஆளை மயக்கத் தெரிந்தவள் என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

பங்குனியில் கடல் இறங்கியது. ஒரு விடியக்காலையில் தென்னைக்குப் பின்னால் இருந்து வள்ளங்களை இறக்கத் தொடங்கினார்கள். நாலைந்து பேர் தோள் கொடுத்து, ஏலேலோ என்று இழுத்து, ஒவ்வொரு வள்ளத்தையும் அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இது ஆருடைய இடம் என்று ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் சொல்லவும் இல்லை. வெயில் ஏறுவதற்குள் இருபத்திமூன்றும் தன் தன் இடத்தில் நின்றன. அவள் மணலில் இருந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பூமியின் எந்த மூலையில் இருந்து இதைப் பார்க்க வந்தாளோ, அது அவள் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று, "சும்மா கண்ட கண்ட இடத்திலதான் வைக்கினம்" என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

"அக்கா, நான் இருபத்திமூன்று எண்ணினேன்" என்றாள்.

"மற்றதுகள் பக்கத்துச் சாம்பல்தீவில இருந்து வந்த வள்ளங்கள்."

"எல்லா நாளும் வருமா?"

"ஓம். எல்லா நாளும்."

தலையை ஆட்டினாள். கொப்பியில் ஏதோ எழுதினாள். அந்தக் கொப்பியைப் பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது என்று தெரிந்தது.

அடுத்த நாள் அவள் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அவளுடைய மொழி. கைத்தொலைபேசியைப் பிடித்தால் மொழிபெயர்த்துத் தருமே, பிடித்தேன். 'மூத்த சகோதரி மணலை வேகவைக்கிறார்' என்று தந்தது. கோதாரி விழுந்த தொலைபேசி! ஆனால் படத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இரண்டு பக்கத்துக்கு எங்கள் கரையை வரைந்திருந்தாள். தென்னங்குற்றி, மீன் வாடிகள், கோயில் வளைவு, எல்லாம் அப்படியே. அதில் இருபத்திமூன்று வள்ளங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இத்தனை காலடி என்று கணக்கு. குற்றிக்கு வடக்கே எங்கள் வள்ளம். அதன் முன்பக்க அணியத்தில் இருக்கிற பச்சைக் கோட்டைக்கூடக் கீறியிருந்தாள்.

அவள் துவாயோடு வந்ததும் கொப்பியை நீட்டிப் பிடித்துக் கேட்டேன்: "இது என்ன?" அவளுடைய பொருளை நான் எடுத்தது பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நான் கண்டது, அக்கா" என்றாள். "நாங்கள் சொன்னதை எழுதத்தான் வந்தனீர். காணுறதையெல்லாம் எழுதவோ வந்தனீர்?" என்று கத்தினேன். எழுதமாட்டேன் என்றாள். அதை நான் நம்புவேனா?

எங்கள் பக்கத்தில் வலை களவு போனாலும், வள்ளத்தில் கை வைத்ததாகப் பழி வந்தாலும் பொலிசுக்குப் போவது குறைவு. அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதோடு சரி. பிறகு கதை இல்லை. அவளை அன்றைக்கே முத்துமாரி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அம்மன் யார், கற்பூரம் எது? தெரிந்துதான் கூட்டிப் போனேன், மனம் ஆறவில்லை. 'நீங்கள் சொன்னதை மட்டும் எழுதுவேன். நான் கண்டதை எழுதமாட்டேன்.' தமிழில் சொல்லச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். தடக்கித் தடக்கிச் சொன்னாள். பிறகு நான் தடுக்க முதலே ஓங்கி அடித்துக் கற்பூரத்தை அணைத்தாள். பழக்கமில்லாத கை, மெதுவாக எடுத்துவிட்டாள். உள்ளங்கையில் கொப்பளம் வந்தது. வீட்டுக்கு வந்து கற்றாழை பூசிவிட்டேன். பூசும்போதும், நடிக்கிறாளோ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நான் குசினிக்குள் போக, அவள் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து ஏதோ கடுதாசிகளை எரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிச் சிரித்தாள். இடியப்பத்துக்கு அடுப்பு மூட்டித் தந்தேன் என்ற மாதிரி ஒரு சிரிப்பு. என்னத்தையோ மறைக்கிறாள் என்று கணவரிடம் சொன்னேன். "உமக்கு ஆரைத்தான் நம்ப ஏலும்?" என்று கேட்டுவிட்டு அவர் கடலுக்குப் போய்விட்டார்.

நாலு மாதம் முடிந்தது. போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், பொய்யில்லை. ஆனால் அவள் போன பிறகு முன்னறையைக் கூட்டிப் பெருக்கி, கட்டிலுக்கு அடியில் ஏதாவது விட்டுப் போயிருக்கிறாளா என்று பார்க்கவும் மறக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. எந்த அரசாங்கக் கந்தோரில் இருந்து என்று எழுதமாட்டேன். எழுத்தில் ஒன்று போனால் என்ன வரும் என்று இப்போதுதான் அனுபவிக்கிறேன். எங்கள் கரையை ஒரு வேலைத் திட்டத்துக்கு எடுக்கப்போவதாகவும், காலங்காலமாகப் பாவித்தவர்கள் இருந்தால் ஆதாரத்தோடு வரும்படியும் இருந்தது. செயலாளரும் கணவரும் நானும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் சின்ன வயது, மரியாதையான பிள்ளை, நல்ல தமிழ். கதிரை போட்டு இருத்தினார்.

"பத்திரம் ஒண்டும் இல்லைத் தம்பி. ஆனால் எங்கட பூட்டன் காலத்தில இருந்து ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு இடம் இருக்கு. இருபத்திமூண்டு வள்ளம்" என்றார் கணவர்.

உத்தியோகத்தர் ஒரு கட்டுக் கடுதாசியை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். "உங்கட கரையைப் பற்றி எழுத்தில இருக்கிறது இது ஒண்டுதான் அம்மா. இன்டர்நெட்டில கிடந்தது. உங்கட ஊரில தங்கி ஒரு பிள்ளை எழுதினது. ஆறு வள்ளம். ஒருவருக்கும் நிரந்தரமான இடம் இல்லை. வந்தவர் வந்த இடத்தில இழுக்கிறது. உங்கட ஆக்கள் சொன்னதாத்தான் போட்டிருக்கு."

அதில் ஒரு படமும் இருந்தது. அதே கரை, அதே தென்னங்குற்றி. ஆறு வள்ளங்கள் மட்டும். குற்றிக்கு வடக்கே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைக் கடுதாசி. கணவர் அந்த வெள்ளையில் விரலை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

வீட்டுக்கு வந்த உடனே அந்தப் பிள்ளைக்கு எழுதினேன். இருபத்திமூன்று வள்ளமும் கீறிய கொப்பிப் பக்கங்களை அனுப்பு, கெஞ்சிக் கேட்கிறேன் என்று. அடுத்த நாளே பதில் வந்தது. அந்தப் பக்கங்கள் இல்லை அக்கா, சத்தியம் செய்த மறுநாள் உங்கள் அடுப்பில்தான் எரித்தேன், நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று எழுதியிருந்தாள். நாலு மாதம் இருந்து உன் கண்ணால் ஒன்றையும் காணவில்லையா என்று அவளுடைய ஆசிரியர் கேட்டாராம். இவள் வாய் திறக்கவில்லை. ஆய்வைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பட்டம் ஒரு வருஷம் பிந்தி, அதே ஆறு வள்ளத்தோடுதான் கிடைத்ததாம். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது, அதைப் பார்க்கும்போது உங்கள் இடியப்பம் ஞாபகம் வரும் என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: 'நீங்கள் என்னைச் சத்தியத்தில் இருந்து விடுவித்தால், கண்டதை இப்போது எழுதித் தரலாமா?'

நான் குசினி வாசலில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். நான் பையைத் திறந்தேன், நாடாவைக் களவெடுத்தேன், வாய் கூசாமல் பொய் சொன்னேன். எங்கள் அம்மனுக்கு முன்னால் நாங்களே இந்தக் காலத்தில் காப்பாற்றாத சத்தியத்தை அவள் காப்பாற்றியிருக்கிறாள். விடுவித்தேன் என்று எழுதினேன். கடிதம் எழுதி அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போக, உத்தியோகத்தர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது பிறகு எழுதினது அம்மா, ஞாபகத்தில இருந்து. இது மட்டும் காணாது. இருபத்திமூண்டு பேரும் இதுதான் என்ர இடம் எண்டு அளவோட எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. மாதக் கடைசிக்குள்ள தந்தால் மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறன்."

கூறைச்சேலைக்கு அடியில் இருந்த நாடாவை எடுத்தேன். கணவர் ஒரு நுனியைப் பிடித்தார். நாடா எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கரையை அளந்தோம். மூன்றாம் நாள் காலை கடுதாசியோடு வீடு வீடாக இறங்கினேன். முதலில் செயலாளரின் வீடு.

"வைக்கிறன் டீச்சர், எங்கட வள்ளத்துக்குத்தான் எல்லாம் சரியா இருக்கே" என்று மகனைக் கூப்பிட்டு வைப்பித்தார். கடுதாசி சரியாக இருந்த மற்ற ஐந்து பேரும் வைத்தார்கள். அதற்குப் பிறகு போன வீடுகளில் எல்லாம் தேத்தண்ணி தந்தார்கள், கதிரை தந்தார்கள், கையெழுத்துத் தரவில்லை. "இதில வைச்சால் என்ர லைசன்ஸைக் கேட்பினமே?" என்றார் ஒருவர். "கந்தோர்க்காரர் உங்களிட்டை என்ன சொல்லி அனுப்பினவை?" என்றார் இன்னொருவர். ஒரு மனுசி, அவளுடைய பிள்ளைக்கு நான்தான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், நேரே முகத்துக்குக் கேட்டாள்: "டீச்சர், அண்டைக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ எண்டு வந்தனீங்கள். இண்டைக்கு எல்லாத்தையும் எழுதுங்கோ எண்டு வாறீங்கள். உங்களுக்கு இதில என்ன லாபம்?" எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவளுடைய இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கடுதாசியை மேசையில் போட்டேன். கணவர் எடுத்துக் கையெழுத்துகளை எண்ணினார். ஆறு. அந்த ஆறு.

"எங்கட வள்ளத்துக்கும் கடுதாசி சரியில்லை. வைச்சால் என்ன வருமோ தெரியாது" என்றேன்.

அவர் பேனையை வாங்கி, தென்னங்குற்றிக்கு வடக்கே என்று தன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்து வைத்தார். "ஏழு" என்றார். பிறகு கேட்டார்: "மிச்சப் பதினாறு பேருக்கும் குறைச்சுச் சொல்லச் சொல்லிக் குடுத்தது ஆர்?"

"நான்தான்."

"அப்ப நீர்தான் போய் மாத்திச் சொல்லவேணும்."

பின்னேரம் வெயில் தாழ, கடுதாசியும் பேனையுமாகக் கரைக்கு இறங்கினேன். எங்கள் வள்ளத்துக்கு அடுத்த இடத்துக்காரர் மணலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக என்னைத் தெரிந்த மனிதர். என் கலியாணத்துக்கு மீன் கொண்டுவந்து தந்தவர். "அண்ணை" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் கையைத்தான் பார்த்தார்.